கிரேக்கக் கேள்விச் சொற்கள்: பட்டியல் மனப்பாடம், வாயில்தான் வரமாட்டேன் என்கிறது

இஞ்சின்ரூம்_ராசா:

அனைவருக்கும் வணக்கம். கிரேக்கத்தில் பிரெயஸ் துறைமுகத்தை ஒட்டிய பெராமாவில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். பட்டறைக்குள் போனால் கதை வேறு. வயதான பிட்டர்கள், வெல்டர்கள் பலருக்குக் கிரேக்கம் மட்டும்தான். பம்பு ஏன் நின்றது, யார் கழற்றியது, எப்போது முடியும் என்று கேட்பதற்கே ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைத் துணைக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டேன். வாட் என்றால் தி, வேர் என்றால் பூ, வென் என்றால் போத்தெ, ஹவ் என்றால் போஸ், ஒய் என்றால் யத்தீ, ஹூ என்றால் ப்யோஸ், ஹவ் மச் என்றால் போசொ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆள் எதிரே நின்றால் வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன்.

நலமா என்பதற்கு "தி கானிஸ்" என்கிறார்கள். ஹவ்வுக்குப் போஸ்தானே வர வேண்டும்? பெயர் கேட்கும்போதோ "போஸ் செ லேனெ". அங்கே வாட் எங்கே போயிற்று?

ப்யோஸ் என்று படித்தேன். ஆட்கள் ப்யா, ப்யோ, ப்யோன், ப்யனூ என்று விதவிதமாகச் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

யத்தீ என்று நான் கேட்டால் அவர்களும் யத்தீ என்றே பதிலை ஆரம்பிக்கிறார்கள். திருப்பிக் கேள்வி கேட்கிறார்களோ என்று விழிக்கிறேன்.

கடைசியாக, குறுஞ்செய்திகளில் கேள்வி கேட்கும் இடத்தில் அரைப்புள்ளி போடுகிறார்களே, அது என்ன பழக்கம்?

---

மெத்ரியோ:

தம்பி, முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். சொற்களில் தப்பு இல்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் சிக்கல். கேள்விச் சொற்களைப் பொறுத்தவரை கிரேக்கம் தமிழுக்கு ரொம்பப் பக்கம். நான் தெசலோனிக்கியில் ஒரு ரொட்டிக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். நாள் முழுக்கக் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்தான் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும், மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன், அப்படியே வாசியுங்கள்.

உங்கள் ப்யோஸ் குழப்பத்திலிருந்து ஆரம்பிப்போம். ஹூ என்று படித்ததால்தான் அது குழப்பம். எவன், எவள், எது என்று படித்துப் பாருங்கள். ப்யோஸ் எவன், ப்யா எவள், ப்யோ எது. பன்மையில் ப்யி எவர்கள், பெண்களென்றால் ப்யேஸ். ஆங்கிலத்தில் ஹூ தனி, விச் தனி. நமக்கு எவன் என்பதும் எந்த என்பதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, அவர்களுக்கும் அப்படித்தான். "ப்யோஸ் ஈனெ" என்றால் யார் அது. வாசலில் மணி அடித்தால் உள்ளேயிருந்து இதைத்தான் கேட்பார்கள். அதே சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்தால் "எந்த" ஆகிவிடும்.

ஒரே வம்பு, அங்கே நாற்காலிக்கும் பால் உண்டு. பேருந்து அஃறிணை, நிறுத்தம் பெண், ரயில் நிலையம் ஆண். ஆகவே எந்தப் பேருந்து என்றால் ப்யோ, எந்த நிறுத்தம் என்றால் ப்யா, எந்த நிலையம் என்றால் ப்யோஸ். நீங்கள் பிரெயஸில் இருப்பதால் இதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்: "அப்போ ப்யா பீலி ஃபேவ்யி?" எந்த வாயிலிலிருந்து கிளம்புகிறது என்று அர்த்தம். அங்கே பயணிகள் கப்பல்களுக்கு எப்சிலான் எழுத்தும் எண்ணும் போட்டு வரிசையாக வாயில்கள் இருக்குமே, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் கப்பல் போயே போய்விடும். பீலி பெண்பால், அதனால் ப்யா. (அந்த "அப்போ" நம்ம அப்போ இல்லை, "இருந்து" என்று பொருள். நாம் எங்கே என்று சொல்லிவிட்டு இருந்து என்போம், அவர்கள் இருந்து என்று சொல்லிவிட்டு எங்கே என்பார்கள். எந்த ஊர் என்று கேட்க "அப்போ பூ ஈஸெ".)

ப்யனூ என்றால் எவனுடையது, ப்யனீஸ் என்றால் எவளுடையது. பட்டறையில் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி "ப்யனூ ஈனெ?" என்றால் சொந்தக்காரர் கை தூக்கிவிடுவார். இதற்கே இன்னொரு பழைய சொல் தீனொஸ். கிராமத்துப் பக்கம் வயதானவர்கள் தெரியாத பிள்ளையைப் பார்த்தால் "தீனொஸ் ஈஸெ?" என்பார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று நம் பாட்டிகள் கேட்பதேதான்.

அடுத்து தி. இது என்ன. "தி ஓர ஈனெ" என்ன நேரம். "தி ஏயினெ" என்ன ஆச்சு. உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது "தி ஏஹி". நேர்ப்பொருள் "என்ன வைத்திருக்கிறது". "தி ஏஹி இ மிஹனீ" என்றால் இஞ்சினுக்கு என்ன கோளாறு. மனிதர்களுக்கும் அதுதான்: "தி ஏஹிஸ்?" உனக்கு என்ன செய்கிறது. தி கானிஸ் என்பது என்ன செய்கிறாய் என்று நேராகவே அர்த்தமாகும் வாக்கியம், நலம் விசாரிப்பாகவும் அதுவே நிற்கிறது. பெரியவர்களிடம், தெரியாதவர்களிடம் தி கானெத்தெ என்று பன்மையில் கேளுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் அங்கேயும் உண்டு, அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போஸ் செ லேனெ என்றால் "உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்". இதற்குள் வாட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மரியாதையாகக் கேட்க "போஸ் ஸஸ் லேனெ".

போசொ. இதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டும், நமக்கு எவ்வளவு என்று ஒரே சொல் இருக்கிறது. விலை கேட்க "போசொ கானி". எண்ணக்கூடியதென்றால் எத்தனை. அதற்கு போசி, போஸெஸ், போச என்று பாலுக்குத் தக்கபடி மாறும். சாப்பிடப் போனால் வாசலிலேயே "போச ஆத்தொம ஈஸ்தெ?" என்பார்கள். எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அணு என்று படித்தோமே, அதே ஆட்டம்தான் அந்த ஆத்தொம. விரலைக் காட்டினால் மேசை கொடுத்துவிடுவார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. எப்போது அப்போது, எவ்வளவு அவ்வளவு என்று எ போய் அ வந்தால் கேள்வி பதிலாகிவிடுகிறது அல்லவா? அங்கே ப போய் த வரும். போத்தெ எப்போது, தோத்தெ அப்போது. போசொ எவ்வளவு, தோசொ அவ்வளவு. எல்லாச் சொல்லுக்கும் இது ஓடாது, எங்கேக்கு பூ, அங்கேக்கு எகீ என்று தனிச்சொல் வந்துவிடும். ஆனால் இன்னொன்று கச்சிதமாக ஓடுகிறது. நாம் கடைசியில் ஓ சேர்த்து யாரோ, எங்கேயோ, எப்போதோ, எப்படியோ என்கிறோம். அவர்கள் முன்னால் கா சேர்ப்பார்கள். காப்யொஸ் யாரோ, காப்பு எங்கேயோ, காப்பொத்தெ எப்போதோ, காப்பொஸ் எப்படியோ, காத்தி ஏதோ. ஒரே வீச்சில் இரண்டு மடங்கு சொல் கையில் வந்துவிட்டது.

போத்தெயில் மட்டும் கவனம். அழுத்தத்தைப் பின்னால் தள்ளி பொத்தே என்றீர்களோ, "ஒருபோதும் இல்லை" ஆகிவிடும். எப்போது முடியும் என்று கேட்கப் போய் முடியவே முடியாது என்று நீங்களே சொன்ன மாதிரி.

யத்தீக்கு வருகிறேன். ஏன் என்று கேட்டால் நாம் எப்படி ஆரம்பிக்கிறோம்? ஏனென்றால் என்று. அதற்குள்ளேயே ஏன் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் என்றாலை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆள் யத்தீ என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் உங்களைக் கேட்கிறார். நிறுத்தாமல் ஓடினால் காரணம் சொல்கிறார்.

வாக்கியம் வாயில் வராததற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கேள்விச் சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், வினைச்சொல்லோடு ஒட்டியே படியுங்கள். கிரேக்கத்தில் இரண்டையும் பிரிக்க விடமாட்டார்கள், நடுவில் செ, தொன் மாதிரிக் குட்டிச் சொல் மட்டும்தான் நுழையும். எழுவாய் பின்னால் வரும்: "போத்தெ ஃபேவ்யி தொ ப்லீயொ", எப்போது கிளம்புகிறது கப்பல். பேச்சில் நாமே அப்படிச் சொல்வோம். பூஈனெ, போசொகானி, திஏஹி, திஓரஃபேவ்யி என்று ஒவ்வொன்றையும் ஒரே சொல் மாதிரி நாக்கில் ஏற்றிக்கொண்டால் மிச்சம் பின்னால் தானாக வந்து ஒட்டும்.

என் பெயருக்கு விளக்கம்: இங்கே கிரேக்கக் காப்பி கேட்டால் "போஸ் தொம்பீனெத்தெ?" என்பார்கள், எப்படிக் குடிப்பீர்கள் என்று. கேள்வி சர்க்கரையைப் பற்றியது. ஸ்கேத்தொ என்றால் சர்க்கரை இல்லாமல், மேத்ரியொ நடுத்தரம், க்லிகோ இனிப்பு. தொன், பீனெத்தெ இரண்டும் சேர்ந்து தொம்பீனெத்தெ ஆனதைப் பாருங்கள். அந்தப் பீ, கம்பியில் வருகிற பி மாதிரி ஒலிக்கும். மெல்லினம் முன்னால் வந்தால் வல்லினம் இளகுவது நமக்குப் பிறவியிலேயே வருவது, வேறு மொழிக்காரர்கள் இதற்குக் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ப, த இரண்டையும் காற்று விடாமல் சொல்வதும் நமக்கு இலவசம்.

---

ஏட்டுப்பூச்சி:

மெத்ரியோ அருமையாக எழுதியிருக்கிறார். நான் கிரேக்கம் படித்தது புதிய ஏற்பாட்டு மூலத்தை வாசிக்க. பேசத் தெரியாது. ஆனால் ராசாவின் யத்தீ கேள்விக்குப் பழைய மொழியில் விடை இருக்கிறது. அங்கே ஏன் என்பதற்குத் தனிச்சொல்லே போடாமல் "தியா தி" என்று இரண்டு சொல்லாகக் கேட்பார்கள், எதன் பொருட்டு என்று. அந்த இரண்டும் ஒட்டித் தேய்ந்ததுதான் இன்றைய யத்தீ. உள்ளே இருக்கும் தியை இன்னும் காதால் கேட்கலாம்.

அதே போல அந்தக் காலத்தில் யார் என்பதற்கு தீஸ், என்ன என்பதற்கு தீ. இன்றைய பேச்சில் தீஸ் போய்விட்டது, அந்த இடத்தை ப்யோஸ் பிடித்துக்கொண்டது. தீ மட்டும் தங்கியிருக்கிறது. மெத்ரியோ சொன்ன தீனொஸ் அந்தத் தீஸின் உடைமை வடிவம்தான்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. ப்யோஸின் வேற்றுமை அட்டவணை முழுவதையும் முதலிலேயே படித்துவிடுவது நல்லது. ப்யோஸ், ப்யூ, ப்யோன், அப்புறம் பன்மை எல்லாமே. ஏனென்றால் இதே விகுதிகள்தான் பெயருரிச்சொல்லுக்கும் வரும். ஒரு தடவை உழைத்தால் எங்கும் பயன்படும்.

---

மெத்ரியோ:

வாசிப்பதற்கு அட்டவணை சரிதான் ஐயா. பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளிடம் போய் மனத்துக்குள் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தால் அவர் அதற்குள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். பேச்சுக்கு ப்யோஸ், ப்யா, ப்யோ, ப்யனூ, இதோடு "யாரிடம், யாரோடு" கேட்க ப்யோன். "மெ ப்யோன்" யாரோடு, "ஸெ ப்யோன்" யாரிடம். ஆரம்பத்துக்கு இது தாராளம். மற்றது காதில் விழுந்து விழுந்து வரும்.

தீஸ் போய் தீனொஸ் மட்டும் நின்ற கதை எனக்குப் புதிது. நன்றி.

---

நிரல்_நெசவு:

அரைப்புள்ளிக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அதுதான் அவர்களின் கேள்விக்குறி. நம் அரைப்புள்ளியின் வேலையைச் செய்ய, எழுத்தின் உயரத்தில் மேலே ஒரு புள்ளி வைப்பார்கள். கிரேக்க விசைப்பலகையில் கியூ இருக்கும் விசையை அழுத்தினால் கேள்விக்குறி வரும். அரைப்புள்ளி விசையை அழுத்தினால் எழுத்துக்கு மேல் போடும் அழுத்தக்குறிக்காகக் காத்திருக்கும். யூனிகோடில் கிரேக்கக் கேள்விக்குறிக்குத் தனி எண் இருந்தாலும் சாதாரண அரைப்புள்ளிக்குச் சமம் என்றே தரம் சொல்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் நண்பனின் கோப்பில் ஒரே ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு இதை வைத்து வதைப்பது பழைய குறும்பு.

எழுதும்போது கவனிக்க வேண்டியது அழுத்தக்குறி. 1982இல் பழைய பலவகைக் குறிகளை எடுத்துவிட்டு ஒரே குறி போதும் என்று அரசு முடிவு செய்தது. ஓரசைச் சொற்களுக்கு அந்தக் குறியும் கிடையாது. விதிவிலக்கில் இரண்டு உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன: பூ, போஸ். குறி போட்டால் பூ "எங்கே". குறி இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் தட், விச் வரும் இடத்து இணைப்புச் சொல். தமிழில் இந்தச் சொல்லே தேவையில்லை, "வந்த மனிதர்" என்று வினையை வளைத்து முடித்துவிடுவோம். அவர்கள் "மனிதர், பு வந்தார்" என்று இரண்டாக்குவார்கள். போஸும் அப்படியே: குறியோடு எப்படி, குறியில்லாமல் "என்று". தி, ப்யோஸ் இரண்டுக்கும் குறி வேண்டாம். அவசரத்தில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அப்போது குறியே இருக்காது, இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

---

இஞ்சின்ரூம்_ராசா:

எல்லோருக்கும் நன்றி. எவன் எவள் எது என்றதும் பாதி பாரம் இறங்கிவிட்டது. இன்று பட்டறையில் "தி ஏஹி?" என்று கேட்டேன். மிஹனிக்கோஸ் (மெக்கானிக்) ஒருவர் சிரித்துக்கொண்டே பம்பைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். கேள்வி புரிந்துவிட்டது, பதில்தான் எனக்குப் புரியவில்லை!

இரண்டு சந்தேகம். ஒன்று, புரியாதபோது "தி?" என்று கேட்கலாமா? இன்னொன்று, நாம் கடைசியில் ஆ போட்டால் கேள்வியாகிவிடும். முடிந்ததா, வந்தாரா என்று. அங்கே அந்த ஆவுக்கு என்ன செய்வது?

---

மெத்ரியோ:

வெறும் தி என்றால் "என்ன?" என்று வெடுக்கென்று கேட்பது போல இருக்கும். கூட்டாளிகளிடம் பரவாயில்லை. மற்றவர்களிடம் "ஒரீஸ்தெ?" என்று குரலை ஏற்றுங்கள், "என்ன சொன்னீங்க?" என்று அர்த்தமாகும். இதே ஒரீஸ்தெயைக் கடையில் பொருளை நீட்டும்போது "இந்தாங்க" என்றும் சொல்வோம், தொனிதான் வித்தியாசம். கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால் "போஸ் ஈப்பத்தெ?".

பதில் புரியாததற்கு ஒரு தந்திரம். திறந்த கேள்வி கேட்டால் திறந்த பதில்தான் வரும். "ஏன் நின்றது" என்று கேட்டால் பிரசங்கம் வரும். "ப்யோ?" என்று கேட்டால் விரல் நீளும். ஆரம்பத்தில் விரல், எண், ஆம், இல்லை இந்த நான்கில் ஒன்று பதிலாக வரும் கேள்வியாகப் பார்த்துக் கேளுங்கள். பூ, ப்யோ, போச, தி ஓர எல்லாம் இந்த வகை. யத்தீயையும் போஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆவுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. வாக்கியம் அப்படியே இருக்கும், சொல் இடம் மாறாது, குரல்தான் கடைசியில் எழும். "ஈனெ எதோ" என்று சமமாகச் சொன்னால் இங்கே இருக்கிறது, கடைசியில் குரல் எழுந்தால் இங்கே இருக்கிறதா. பணிவாகக் கேட்க முன்னால் மீப்பொஸ் போடுங்கள். "ஸிக்னோமி, மீப்பொஸ் க்ஸேரெத்தெ பூ ஈனெ…" என்று ஆரம்பித்தால், மன்னிக்கவும், எங்கே இருக்கிறது என்று ஒருவேளை உங்களுக்குத் தெரியுமா என்பது போல. இதன் பிறகு எந்த இடத்தின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

வரும் பதிலில்தான் கண்ணி இருக்கிறது. "நே" என்றால் ஆமாம். கப்பலில் இந்தி பேசிப் பழகிய காதுக்கு அது நஹீ மாதிரி விழும், ஜாக்கிரதை. இல்லை என்பது "ஓஹி". ஆனால் பாதிப் பேர் ஓஹி சொல்லவும் மாட்டார்கள். தலையை லேசாக மேலே தூக்கிப் புருவத்தை ஏற்றுவார்கள், சில பேர் கூடவே "ப்ச்" கொட்டுவார்கள். அது ஆமாம் என்ற தலையாட்டல் அல்ல, "இல்லை" என்ற பதில். பம்பு முடிந்ததா என்று கேட்டு ஆள் புருவத்தை ஏற்றினால் கப்பல்காரர்களுக்குப் போன் போட்டுத் தாமதம் என்று சொல்லிவிடுங்கள்.